மகள் கொண்டுவந்த பாட்டு



மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் ஹதீஸும் கற்பிக்கும் ஒருவன் பாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால், படிப்பவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும் என்பதை அறிவேன். இசை ஆகுமா, ஆகாதா என்னும் சட்டப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதற்குரிய அறிவும் தகுதியும் உடைய பெரியோர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். பிள்ளையொன்று தனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்றை எடுத்துக்கொண்டு நம்மிடம் ஓடி வருகிறதே, அந்த வேளையில் பெற்றோராகிய நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியே எழுதுகிறேன். என் வீட்டில் நான் செய்த தவறொன்றைச் சொன்னால்தான் அது விளங்கும்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 20, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். குளித்து முடித்து, ஜும்ஆவுக்குப் புறப்படுவதற்கு முன் கஹ்ஃபு சூரா ஓதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்த என் மகள், பள்ளிக்கூடத்தின் இணைய வகுப்புக்காக வாங்கிக் கொடுத்திருந்த கைப்பேசியைக் கையில் ஏந்தியபடி, மூச்சிரைக்க அறைக்குள் ஓடி வந்தாள்.

"வாப்பா, வந்துடுச்சு! இப்பதான் வந்துச்சு! ஒரே ஒரு தடவை கேளுங்க வாப்பா."

வந்தது என்னவென்று கேட்டேன். பி.டி.எஸ். குழுவின் புதுப்பாட்டு என்றாள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்கொரியாவைச் சேர்ந்த ஏழு இளைஞர்களின் இசைக்குழு அது. 2013இல் அறிமுகமான அவர்களுக்கு இன்று உலகெங்கும் இரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த இரசிகர் கூட்டம் தன்னை 'ஆர்மி' என்று அழைத்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. பல வீடுகளில் பெற்றோருக்குத் தெரியாமலே உண்டு. அன்று வெளிவந்த பாட்டின் பெயர் 'லைஃப் கோஸ் ஆன்'.

நான் முஸ்ஹஃபை மூடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, "ஜும்ஆ நாளும் அதுவுமா ஓதிக்கிட்டிருக்கிறவன்கிட்ட கொண்டுவர்ற பொருளா இது? அவங்க யாரு, எந்த ஊரு? என்ன பாடுறாங்கன்னாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. மதரஸாவில் பாடம் ஒப்பிக்காத பிள்ளையிடம் பேசும் அதே குரலில்தான் பேசினேன். அது உரத்துப் பேசுவதைக் காட்டிலும் கடுமையானது என்பது என் மாணவர்களுக்குத் தெரியும்.

அவள் பதில் சொல்லவில்லை. கைப்பேசியைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். விட்ட ஆயத்தைத் தேடிப்பிடித்து நான் ஓதலைத் தொடர்ந்தேன். தந்தைக்குரிய கடமையைச் செய்துவிட்ட நிறைவுகூட அப்போது எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் குறை சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. மகள் ஐவேளை தொழுதாள். பாடங்களைப் படித்தாள். கேட்ட கேள்விக்கு விடை சொன்னாள். கேட்காத எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் பள்ளித் தோழியர் கதையிலிருந்து எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட செய்திவரை சாப்பாட்டு விரிப்பில் அமர்ந்து ஓயாமல் பேசுவாள். "பேசிக்கொண்டே சாப்பிடாதே" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது பேசாமல் சாப்பிட்டாள். பத்து நாட்கள் கழித்து என் மனைவி சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. "நீங்க அன்னைக்கு அப்படிக் கேட்டதிலிருந்து புள்ள வாயையே திறக்கலை. கவனிச்சீங்களா, இல்லையா?"

நான் கவனிக்கவில்லை.

அந்நாட்களில் மதரஸா மூடியே இருந்தது. மார்ச் மாத ஊரடங்கில் அடைத்த கதவு அது. பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாகவே பாடம் நடத்தி வந்தேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள், ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் பெருநாள் பற்றிய ஹதீஸ் பாடமாக வந்தது. நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அருகே, அன்ஸாரிச் சிறுமியர் இருவர் புஆஸ் போரைப் பற்றிய பாடல்களைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைக் கண்டு கடிந்துகொள்கிறார்கள். நபியவர்களோ, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்னும் கருத்துப்பட, அச்சிறுமியரை விட்டுவிடுமாறு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சொல்கிறார்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் அது. பெருநாளில் மகிழ்ச்சியை வெளிப்படுத்துவது ஆகுமானது என்பதை விளக்குவேன். அச்சிறுமியர் பாடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்று அந்த அறிவிப்பிலேயே வருவதைச் சுட்டிக்காட்டுவேன். இதைக் கொண்டு எல்லா வகை இசைக்கும் அனுமதி தேடலாகாது என்றும் எச்சரிப்பேன். அன்றும் அவ்வாறே சொல்லி முடித்தேன். அப்போது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹு திட்டினது தப்பா?"

தப்பில்லை என்றேன். நபியவர்களின் வீட்டுக்குரிய கண்ணியத்தைக் காக்க வேண்டும் என்ற பேரன்பால் எழுந்த கோபம் அது என்றேன். "அப்ப ரசூலுல்லாஹ் ஏன் அவங்களை விடச் சொன்னாங்க?" என்றான் மறுபடியும். அந்த இடத்தில் நபியவர்கள் இருவரையுமே நோகடிக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் என் நாக்குத் தடுமாறியது. ஸித்தீக் (ரலி) அவர்களின் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. என் கோபத்துக்கு இருந்த காரணத்தைத் தேடினேன். எனக்குப் பிடிக்காத ஒன்று என் மகளுக்குப் பிடித்திருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டை நான் கேட்கவே இல்லையே!

அன்று மாலை என் வாப்பா நினைவுக்கு வந்தார்கள்.

1997ஆம் ஆண்டு. அரபுக் கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். அப்போது எனக்கு வயது பதினெட்டு. பினாங்கில் நாசி கண்டார் கடையொன்றில் வேலை பார்த்த மாமா, துண்டும் தைலமுமாகக் கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு கேசட்டும் இருந்தது. மலேசியாவின் 'ரைஹான்' குழுவினர் 1996இல் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. 'புஜி புஜியான்' என்று பெயர். புகழுரைகள் என்பது பொருள். ஐந்து பேர் கொண்ட குழு. அவர்களின் பாட்டில் குரல்களும் தாளக் கருவிகளுமே முதன்மையாக இருந்தன. மலேசியாவில் அந்தக் கேசட் லட்சக்கணக்கில் விற்பதாக மாமா சொன்னார். 'ரைஹான்' என்ற சொல்லை அர்ரஹ்மான் சூராவில் ஓதியவன் நான். நறுமணச் செடி என்று அதற்குப் பொருளும் தெரியும். அந்தப் பெயரே என்னைக் கவர்ந்துவிட்டது. முதல்நாள் இரவு மட்டும் அந்த நாடாவை நான்கு முறை கேட்டிருப்பேன். மலாய் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

எங்கள் வீட்டில் நாகூர் ஹனீஃபா அவர்களின் குரலைத் தவிர வேறு பாட்டு ஒலித்ததில்லை. வாப்பா அந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள். ஆயினும் கேட்ட மகிழ்ச்சியை என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த வாப்பாவிடம் டேப் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போய், "வாப்பா, இதைக் கேளுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

வாப்பா கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்கள். ஒரு பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும், "பின்னால சுத்து, இன்னொரு தடவை போடு" என்றார்கள். இளம்வயதில் வாப்பாவும் பினாங்கில் ஏழு ஆண்டுகள் இருந்தவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டாம் முறை கேட்கும்போது இடையிடையே நிறுத்தச் சொல்லி, பொருளைத் தமிழில் சொன்னார்கள்.

'இமான் முத்தியாரா' என்ற பாட்டு அது. ஈமானை முத்துக்கு ஒப்பிட்டுப் பாடியது. தந்தை இறையச்சமுடையவராக இருப்பதனாலேயே ஈமான் பிள்ளைக்குச் சொத்துபோல வந்து சேர்ந்துவிடாது, விலைக்கு வாங்கவும் முடியாது என்ற கருத்தில் அமைந்தது. "ராகம் உனக்குப் பிடிச்சிடுச்சு. இனி பொருளையும் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, வாப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அந்த நாடா தேய்ந்து அறுந்துபோகும்வரை எங்கள் வீட்டில் ஒலித்தது.

வாப்பாவுக்கு அந்தப் பாட்டுப் பிடித்திருந்ததா என்று நான் கேட்டதே இல்லை. ஒருவேளை பிடிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு நோட்டை மூடினார்கள். அதை நான் இருபத்து மூன்று ஆண்டுகள் மறக்கவில்லை. அப்படிப்பட்டவரின் மகன், தன் மகள் ஓடி வந்தபோது தலையை மட்டும் நிமிர்த்தினான். வேதத்தை ஓதுகையில் இடையில் மூடலாமா என்று யாரேனும் கேட்கலாம். ஓதிக்கொண்டிருந்ததை மூடவேண்டியதில்லைதான். "ஓதி முடிச்சிட்டு வர்றேன்மா, நீ எடுத்து வை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே!

அந்த வாரம் புரெவிப் புயலின் மழை எங்கள் கடற்கரைப் பகுதியை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 4, மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை. மின்சாரம் இல்லை. இஷா தொழுதபின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகளின் அருகே போய் அமர்ந்து, "அந்தப் பாட்டைப் போடு, கேட்போம்" என்றேன்.

"வேண்டாம் வாப்பா" என்றாள். "சார்ஜ் கம்மியா இருக்கு."

நான் எழுந்து போய்விடவில்லை. அன்று நான் பேசியது முறையல்ல என்றேன். அவள் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துக் கைப்பேசியை எடுத்தாள். ஏற்கெனவே அதில் இறக்கி வைத்திருந்தாள்.

பாட்டை முழுவதும் கேட்டேன். உண்மையைச் சொல்வதானால், அந்த இசை என் செவிக்குப் பழக்கமற்றது. மனத்தில் பெரிதாக எதுவும் தங்கவில்லை. ஆனால் மகள் பேசத் தொடங்கியதும் நான் வியந்துபோனேன். என்ன பாடுகிறார்கள் என்றாவது தெரியுமா என்று கேட்டேனல்லவா? ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குப் பொருள் தெரிந்திருந்தது. மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். பொருள் தெரியாமல் வாப்பாவிடம் ஓடியவன் நான்தான், அவள் அல்லள். அதன் படக்காட்சியை இயக்கியவர் அந்த எழுவரில் ஒருவரான ஜங்குக் என்றாள். அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் அந்தப் பாட்டு அந்த வாரம் முதலிடம் பெற்றிருந்தது. பெரும்பகுதி கொரிய மொழியிலேயே அமைந்த ஒரு பாட்டு அந்த இடத்தைப் பிடிப்பது அதுவே முதல்முறை என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. "இங்கிலீஷ்ல பாடாமலே ஜெயிச்சுட்டாங்க வாப்பா!" அந்தப் பெருமிதம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. தமிழில் பாடியே நம் வீடுகளின் சஹர் நேரங்களை நிறைத்த ஒரு குரலைக் கேட்டு வளர்ந்தவன்தானே நானும்.

"சரி, இந்தப் பாட்டு உனக்கு ஏன் இவ்வளவு பிடிச்சிருக்கு?" என்றேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள். தொற்றுநோயால் உலகம் முடங்கிப்போன நாட்களைப் பற்றிய பாட்டு இது. எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனாலும் வாழ்க்கை மீண்டும் நடக்கும் என்று ஆறுதல் சொல்கிறது. "வாப்பும்மா மவுத்தானப்ப நம்ம வீட்டுக்கு யாருமே வரலையே வாப்பா. அதுக்கப்புறம் நீங்க வாப்பும்மாவைப் பத்தி எதுவுமே பேசலை. நானும் பேசலை. இதைக் கேட்டப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. உங்களுக்கும் கேட்கணும்போல இருக்கும்னு நெனச்சேன்."

என் உம்மா அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் இறைவனடி சேர்ந்தார்கள். ஊரடங்குக் காலம். ஜனாஸாவில் இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. தம்பி வளைகுடாவிலிருந்து வரமுடியவில்லை. உறவினர்கள் கைப்பேசியிலேயே அழுதார்கள். அடக்கிவிட்டு வந்த நாள்முதல் நான் ஓதினேன், துஆச் செய்தேன், கத்தம் முடித்தேன். ஆனால் அந்த வீட்டில் பதினான்கு ஆண்டுகள் வாப்பும்மாவின் பக்கத்தில் படுத்துறங்கிய பிள்ளையிடம் உட்கார்ந்து ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆறு மாத காலத் துக்கத்துக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் பங்கிட ஓடி வந்திருக்கிறாள். நானோ அவர்கள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு நாங்கள் உம்மாவைப் பற்றி நெடுநேரம் பேசினோம்.

இவ்வளவும் சொன்னதால், மார்க்கத்தின் வரம்புகளை நான் மகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று யாரும் எண்ணிவிடலாகாது. சில நாட்கள் கழித்து, சொல்ல வேண்டியதை அமைதியாகச் சொன்னேன். நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் நம் ஷாஃபிஈ மத்ஹபு உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் இமாம்களில் பெரும்பாலோர் தடுத்திருப்பதைச் சொன்னேன். இப்னு ஹஸ்ம் போன்றோர் வேறு கருத்துக் கொண்டிருந்ததையும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் செவிமடுத்தலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி ஒதுக்கி, கேட்பவரின் உள்ளநிலையையும் ஆராய்ந்திருப்பதையும் மறைக்கவில்லை. என் நிலைப்பாடு பெரும்பாலோரின் பக்கம் என்பதையும் சொன்னேன். தொழுகை நேரத்தை எந்தப் பாட்டும் தின்னக்கூடாது, ஒரு மனிதரை அளவுகடந்து போற்றும் இடத்துக்கு உள்ளம் போய்விடக்கூடாது என்றேன். அவள் மறுத்துப் பேசினாள், சிலவற்றை ஏற்றுக்கொண்டாள், சிலவற்றை "யோசிக்கிறேன் வாப்பா" என்றாள். அன்று ஜும்ஆவுக்கு முன் இதே சொற்களைச் சொல்லியிருந்தால் அவற்றில் ஒன்றுகூட அவள் காதில் விழுந்திருக்காது.

பேச்சின் முடிவில் அவள் கேட்டாள்: "உங்களுக்குச் சின்ன வயசுல எந்தப் பாட்டுப் பிடிக்கும் வாப்பா?"

ரைஹானைப் பற்றிச் சொன்னேன். அறுந்துபோன அந்த நாடாவின் பாட்டுகளெல்லாம் இணையத்தில் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். அக்குழுவினரோடு யூசுஃப் இஸ்லாம் சேர்ந்து பாடிய பாட்டொன்றும் கிடைத்தது. அவர் கதையை அவளுக்குச் சொன்னேன். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப்புகழ் பெற்றிருந்தவர். 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, பின் தம் கித்தார்களை அறப்பணிக்காக ஏலம் விட்டுவிட்டுப் பாட்டுலகை விட்டு விலகினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு கித்தாரை எடுத்துப் பார்த்ததில் அவர் மனம் மாறியது. 2006இல் மீண்டும் இசைத் தொகுப்பு வெளியிட்டார். அவர் செய்தது சரியா என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. "அவங்க வீட்டுலயும் புள்ளதான் கொண்டுவந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள் மகள்.

பிறகு 'இமான் முத்தியாரா'வைக் கேட்டோம். நான் பொருள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்துவிட்டாள். திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தவள், தந்தையைப் பற்றிய அந்த இடம் வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் அந்த அடியை மகனாக இருந்து கேட்டேன்; வாப்பாவின் ஈமான் எனக்குத் தானாக வராது, நான்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். இப்போது தந்தையாக இருந்து கேட்கிறேன். நான் மதரஸா ஆசிரியனாக இருப்பதால் என் மகளுக்கு ஈமான் கிடைத்துவிடாது. அவள் அதைத் தேடும் வழியில் என்னிடம் கேட்க வேண்டியவை ஆயிரம் இருக்கும். அவள் வந்து கேட்கும் இடமாக நான் இருக்க வேண்டும். திண்ணையில் அன்று கணக்கு நோட்டை மூடி வைத்தபோது வாப்பாவின் மனத்தில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது போலிருந்தது.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றும் பிடித்த பாட்டு வந்தால் எனக்கு அனுப்புகிறாள். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று நான் பதில் எழுதுவதும் உண்டு. அவள் அதற்காக அனுப்புவதை நிறுத்தவில்லை. கேட்ட பிறகே சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். சென்ற ரமலானில் அவள் விடுதியிலிருந்து அனுப்பியது பாட்டு அன்று. அர்ரஹ்மான் சூராவின் ஓர் ஓதல். "ரைஹான் வர்ற இடம் வாப்பா, கேளுங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் பிள்ளைகள் எதையேனும் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வரும்போது, நம் கையில் இருப்பதைச் சற்றே கீழே வைப்போம். தீர்ப்புச் சொல்ல நேரம் இருக்கிறது. கேட்பதற்குரிய நேரமோ அவர்கள் ஓடி வரும் அந்தச் சில நொடிகள்தான்.

நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்கள் அச்சமின்றி அணுகும் நிழலாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! மறைந்த நம் பெற்றோர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.